அரைக்கால் அங்குலம்

அக்டோபரின் முப்பத்தொரு நாளில் இருபத்திரண்டு நாள் மழை பெய்தது. ஒடெட் பெல்கி ஒவ்வொரு மழை நாளுக்கும் கேரவனின் அலமாரிக் கதவில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள்.

"ஜெயில் கைதி மாதிரி இருக்கு," என்றான் அவள் கணவன் ரோலண்ட்.

"கைதிக்குக் காஞ்ச படுக்கையாவது இருக்கும்."

அந்தக் கேரவனுக்கு அவர்கள் குடிவந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. ரோலண்ட் நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். படுத்தால் காலை மடக்க வேண்டும். போன குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாய் மூன்று தடவை உறைந்து வெடித்தது. ஈரக் காலுறைகளை அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்ததால், எதைச் சமைத்தாலும் அதில் கம்பளி வாடை அடித்தது. வெளியே, நீலத் தார்ப்பாய்க்கு அடியில், அவர்களுடைய வீடு படுத்துக் கிடந்தது.

வீடு என்றால் மரங்கள். ஹெம்லாக் மரத்தில் அறுத்த தூண்கள், உத்தரங்கள், சாய்வுக் கட்டைகள், கைமரங்கள். இரும்பாணி ஒன்றுகூட இல்லாமல் மரத்துக்குள் மரம் புகுந்து, மர ஆணியால் இறுகி நிற்கும் வீடு. அது ஒடெட்டின் பிடிவாதம். ஒரு வாரப் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்தவள், பள்ளிக்கூடச் சமையலறை வேலையை விட்டுவிட்டு உளியும் கொட்டாப்புளியுமாக உட்கார்ந்துவிட்டாள். ரோலண்டுக்குப் பால் லாரி ஓட்டும் வேலை. விடியுமுன் போய் மத்தியானம் திரும்புவான். திரும்பியதும் அவள் காட்டுகிற மரத்தைத் தூக்குவான், புரட்டுவான், முனகுவான்.

அவனுக்கு வேண்டியது வேறு வீடு. அதன் படத்தைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்திருந்தான். தொழிற்சாலையில் செய்து, இரண்டு பாதியாக லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள்.

"நாலே நாள்ல குடிபோயிடலாம், ஒடெட். சுவத்துக்குப் பெயிண்ட்கூட அங்கேயே அடிச்சிடறான்."

"அது வீடு இல்ல. சோத்து டப்பா."

"சோத்து டப்பாவுல மழை ஒழுகாது."

இந்தப் பேச்சு வேனில் முழுவதும் நடந்து, செப்டம்பர் கடைசியில் ஒரு மழை நாளில் முடிவுக்கு வந்தது. ரோலண்டின் பூட்ஸ் ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டு, கால் மட்டும் வெளியே வந்த நாள் அது. அவன் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே வந்து கேரவன் படியில் உட்கார்ந்தான்.

"இங்க பாரு. மான் வேட்டை தொடங்குறதுக்கு முந்தின சனிக்கிழமை. அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள உன் சட்டம் நாலும் நிக்கணும். நின்னா, நான் செத்தாலும் அந்த டப்பாவப் பத்திப் பேச மாட்டேன். நிக்கலேன்னா நான் அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணிடுவேன். அறுத்துக் குடுத்த மரத்தையெல்லாம் ஹோலிஸ் திரும்ப எடுத்துக்கறேன்னு சொல்லிட்டாரு."

"ஹோலிஸ்கிட்ட எனக்குத் தெரியாம பேசிட்டியா?"

"பேசினேன். இன்னொரு குளிர்காலம் இதுக்குள்ள என்னால முடியாது. உன்னாலயும் முடியாது. நீதான் ஒத்துக்க மாட்டேங்கற."

அவளால் மறுக்க முடியவில்லை. நாள் கணக்கும் அவன் சொன்னபடிதான். வேட்டை தொடங்கிவிட்டால் அந்தப் பக்கத்தில் ஓர் ஆளைக் கூப்பிட முடியாது. பெற்ற தாய் செத்தாலும் மான் விழுந்த பிறகுதான் வருவான்கள் என்று பக்கத்துப் பண்ணை ஆர்லீன் சொல்வாள். வேட்டை முடியும்போது முழங்கால் அளவு பனி விழுந்திருக்கும். இருபது பேர் இல்லாமல் ஒரு சட்டத்தையும் தூக்கி நிறுத்த முடியாது.

"சரி," என்றாள் ஒடெட். ஹெம்லாக் சாறு ஊறிக் கறுத்துப்போன கையை நீட்டினாள். அவன் அதைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் பூட்ஸைத் தேடிப் போனான்.

சட்டம் என்பது வீட்டின் ஒரு குறுக்கு வெட்டு. இரண்டு தூண், அவற்றை இணைக்கும் உத்தரம், மூலைக்கு மூலை சாய்வுக் கட்டை, தலைக்கு மேலே முகட்டில் சந்திக்கும் இரண்டு கைமரம். இதையெல்லாம் தரையில் படுக்கவைத்துக் கோத்து, பிறகு ஒன்றாகத் தூக்கி நிறுத்த வேண்டும். நாலு சட்டம் நின்றால் வீடு நின்ற மாதிரி.

கோக்கிற மர ஆணியில் ஒரு சூட்சுமம் இருந்தது. தூணில் குடைந்த பள்ளத்துக்குள், உத்தரத்தின் நுனியில் செதுக்கிய கழுந்து போய் உட்காரும். தூணின் பக்கவாட்டில் முக்கால் அங்குலத் துளை போட்டு, அதன் வழியாக ஆணியை இறக்கினால் கழுந்து கழன்று வராது. ஆனால் கழுந்தில் இருக்கும் துளை, தூணின் துளைக்கு நேராக இருக்கக் கூடாது. உத்தரத்தின் உடல் பக்கமாக அரைக்கால் அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். அப்போதுதான் ஆணி நெளிந்து நுழையும்போது கழுந்தைப் பள்ளத்துக்குள் இழுக்கும். துளையின் கோணல்தான் வீட்டின் இறுக்கம்.

முதல் இரண்டு சட்டங்களுக்கு ஒடெட் செப்டம்பரிலேயே துளை போட்டுவிட்டாள். உத்தரத்தின் மேல் குதிரை ஏறியதுபோல் உட்கார்ந்து, நுனியைப் பார்த்துக்கொண்டு, அடையாளத்திலிருந்து அரைக்கால் அங்குலம் தன் பக்கமாகத் தள்ளிப் புள்ளி வைப்பாள். 'என் பக்கம், என் பக்கம்' என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். பிறகு டிரில்லை இறக்குவாள்.

மற்ற இரண்டையும் செய்யும்போது மழை வந்துவிட்டது. மழை என்றால் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழை இல்லை. வந்த விருந்தாளி போகாமல் உட்கார்ந்திருப்பதுபோல, நாள் முழுக்கச் சன்னமாக, குளிராகப் பெய்துகொண்டே இருந்தது. பென்சில் கோடு ஈர மரத்தில் எழும்பவில்லை. உளியை மத்தியானம் வைத்துவிட்டு மாலையில் எடுத்தால் துருப் பூத்திருந்தது. தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரை மணிக்கொரு தரம் கம்பால் தூக்கிக் கொட்ட வேண்டியிருந்தது. போதாததற்கு, ஒரு கிளை விழுந்து தார்ப்பாய் கிழிந்து, அவள் உட்காருகிற இடத்தில் சரியாகப் பிடரியில் சொட்டியது.

"ரோலண்ட், அந்த ஓட்டைய அடைச்சுக் குடு."

"நாளைக்கு."

மறுநாள் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். நாலாம் நாள் கேட்காமல், ஒரு வாளியைக் கவிழ்த்து, ஒழுகாத இடத்தில், உத்தரத்தின் நுனிக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டாள். பிடரி நனையவில்லை. என் பக்கம், என் பக்கம் என்று சொல்லிக்கொண்டே பதினாறு துளைகளையும் போட்டு முடித்தாள். அன்று இரவு ரோலண்ட் தன் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது, "எல்லாத் துளையும் முடிஞ்சது," என்று அவள் கொஞ்சம் மிதப்பாகவே சொன்னாள்.

சனிக்கிழமையும் மழைதான். ஆனால் ஏழு மணிக்கெல்லாம் சேற்றில் வண்டிகள் வரிசை கட்டிவிட்டன. இருபத்துமூன்று பேர். ஆர்லீன் தன் டிராக்டரில் வந்தாள். அவளுக்குத் தொண்டை பெரியது, மனசும் பெரியது. மூடி போட்ட தட்டுகளில் பீன்ஸும் மான்கறிக் குழம்பும் ஆப்பிள் டோநட்டும் வந்து கேரவன் மேசையில் குவிந்தன. மரம் அறுத்துக் கொடுத்த ஹோலிஸ், மழைக்கோட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு ஆமைபோல் நின்றார். யாருக்கும் பேசுவதற்கு மான் தவிர வேறு விஷயம் இல்லை.

"உன் வீட்டுக்காரன் இந்த வருஷமாவது ஒரு கொம்பு அடிப்பானா, இல்ல போன வருஷம் மாதிரி தூங்கிடுவானா?" என்று ஆர்லீன் கேட்டாள்.

"நான் தூங்கல. கண்ண மூடிக் காது குடுத்தேன்," என்றான் ரோலண்ட்.

"ஆமா, மானும் உன் குறட்டைக்குக் காது குடுத்துட்டுப் போயிருக்கும்."

முதல் சட்டத்தைக் கோத்தார்கள். ரோலண்ட் கொட்டாப்புளியால் ஆணியை அடித்தான். ஒவ்வோர் அடிக்கும், கழுந்தைச் சுற்றி நிற்கும் உத்தரத்தின் தோள் தூணை நோக்கி நகர்ந்து, கடைசியில் ஒரு மயிரிழைகூடத் தெரியாமல் முட்டிக்கொண்டது. ஒடெட் மூச்சை விட்டாள். "தூக்கு!" என்றார் ஹோலிஸ். டிராக்டர் கயிற்றை இழுக்க, ஆட்கள் நீளக் கம்புகளால் முட்டுக் கொடுக்க, சட்டம் முனகிக்கொண்டே எழுந்து நின்றது. பத்தரை மணிக்கு இரண்டாவதும் நின்றுவிட்டது. அவற்றை இணைக்கும் குறுக்குக் கட்டைகளும் ஏறிவிட்டன. ஒடெட் ஒரு டோநட்டை இரண்டே வாயில் தின்றாள். அன்றைய நாளில் அவள் சந்தோஷமாக இருந்தது அந்த இரண்டு வாய் நேரம்தான்.

மூன்றாவது சட்டத்தின் முதல் ஆணியை ரோலண்ட் வைத்தான். நாலு அடி அடித்தான்.

"நில்லு," என்றாள் ஆர்லீன். "அது என்ன, எதிர்ப் பக்கமா போகுது?"

"எது?"

"உத்தரம்டா. வெளிய வருது பாரு."

இன்னும் இரண்டு அடி அடித்துப் பார்த்தான். முட்டிக்கொண்டிருந்த தோள் தூணை விட்டு விலகியது. ஹோலிஸ் குனிந்து, பேனாக்கத்தியின் அலகை இடைவெளிக்குள் விட்டார். தடங்கல் இல்லாமல் பிடிவரை போனது. அவர் கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஏதாவது சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஒடெட் நாலாவது சட்டத்தின் உத்தரத்துக்கு ஓடினாள். கழுந்தைத் தடவினாள். சாய்வுக் கட்டைகளைப் புரட்டினாள். பதினாறு துளையும் ஒரே மாதிரி, ஒரே ஒழுங்காக, தப்பான பக்கம் தள்ளியிருந்தன. அவளுக்கு அந்த வாளி ஞாபகம் வந்தது. உத்தரத்தின் மேல் உட்கார்ந்தபோது 'என் பக்கம்' என்றால் உத்தரத்தின் உடல் பக்கம். நுனிக்கு எதிரே உட்கார்ந்தபோது 'என் பக்கம்' என்றால் வெளிப் பக்கம். இடம் மாறினாள், மந்திரத்தை மாற்றவில்லை.

"நான்தான்," என்றாள். "நான் எதிர்ப் பக்கம் உக்காந்து போட்டேன். ரெண்டு சட்டத்துலயும் எல்லாமே தப்பு."

எல்லாரும் அவரவர் பூட்ஸில் ஒட்டியிருந்த சேற்றை ஆராய்ந்தார்கள்.

"எதுக்கு எதிர்ப் பக்கம் போய் உக்காந்த?" என்றான் ரோலண்ட்.

அதுவரை அவளுக்கு அழுகைதான் வந்துகொண்டிருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டதும் அழுகை நின்றுவிட்டது.

"எதுக்கா? ஓட்டைய அடைச்சுக் குடுன்னு மூணு நாள் உன்கிட்ட நாய் மாதிரி கேட்டேன். அதுக்கு."

"ஓட்டைக்கும் அளவுக்கும் என்ன சம்பந்தம்? அளந்தது நீதான?"

"ஆமா, நான்தான் அளந்தேன். நீ துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுட்டு இருந்த."

"ஏம்ப்பா," என்று ஹோலிஸ் குறுக்கிட்டார், "அடுத்த வாரம் வச்சுக்கலாமே..." சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். அடுத்த வாரம் அவரும் காட்டில்தான் இருப்பார்.

ரோலண்ட் கொட்டாப்புளியை மெதுவாகக் கீழே வைத்தான். வீசியிருந்தால் அவளும் பதிலுக்கு எதையாவது வீசியிருப்பாள். பிக்கப் வண்டியில் ஏறி, சேற்றை வாரி அடித்துக்கொண்டு மேட்டுக்குப் போனான். அவர்கள் இருந்த பள்ளத்தில் செல்போன் எடுக்காது. மேட்டில், அஞ்சல் பெட்டிகள் நிற்கும் திருப்பத்தில்தான் எடுக்கும். அவன் எதற்குப் போகிறான் என்பது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

"கழுந்துத் துளைய அடைச்சுட்டு வேற துளை போட்டா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஈர மரத்துல பசை பிடிக்காது," என்றார் ஹோலிஸ். "பிடிச்சாலும் ரெண்டு நாள் காயணும்."

ஆள்கள் சாப்பாட்டு மேசைப் பக்கம் நகர ஆரம்பித்தார்கள். மணி பதினொன்றே கால். ஐந்து மணிக்கு முன்னால் இருட்டிவிடும். ஒடெட் தரைப் பலகையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஈரத்தை முழங்கையால் துடைத்துவிட்டு, பென்சிலால் முக்கால் அங்குல வட்டம் ஒன்று போட்டாள். அதன்மேல், அரைக்கால் அங்குலம் தள்ளி இன்னொன்று போட்டாள். பிறைச்சந்திரன் இரண்டு ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. முதல் வட்டத்தின் மையத்திலேயே பென்சிலை ஊன்றி, இரண்டையும் விழுங்குகிற மாதிரி பெரிய வட்டம் ஒன்று இழுத்தாள். அளந்தாள். சரியாக ஒரு அங்குலம். மறுபடி அளந்தாள், இந்த முறை எதிர்ப் பக்கம் போய் உட்கார்ந்து.

"ஹோலிஸ், உங்ககிட்ட ஒரு அங்குலத் துரப்பணம் இருக்கா?"

"வண்டியில இருக்கு. எதுக்கு?"

"இணைப்ப லாரியில சரக்குக் கட்டுற பட்டை போட்டு இழுத்துக் கட்டுவோம். தோள் முட்டினதும், அப்படியே தூண், கழுந்து எல்லாத்தையும் சேத்து ஒரு அங்குலத்துக்கு நேரா துளைச்சிடுவோம். பழைய துளை ரெண்டும் அதுக்குள்ள போயிடும். பெரிய ஆணி அடிப்போம்."

ஹோலிஸ் வட்டங்களைப் பார்த்தார். "ஆணி இழுக்காது. சும்மா பிடிச்சுக்கும், அவ்வளவுதான். மரம் காயக் காய கொஞ்சம் இடைவெளி விடும். அது போகாது."

"விட்டா விடட்டும். விழாதுல்ல?"

"விழாது."

"அப்பப் போதும்."

"ஆனா ஆணி? உன் ஆணியெல்லாம் முக்கால் அங்குலம். பச்சை மரத்துல இப்பச் சீவி அடிச்சா ஆறு மாசத்துல சுருங்கி ஆடும். வருஷக்கணக்குல காஞ்ச ஆஷ் மரம் வேணும், ஒடெட். அதுக்கு எங்க போவ?"

ஒடெட் நிமிர்ந்தாள். ஆர்லீன் எதிரே ஒரு மண்வாரியின் மேல் இரண்டு கையையும் ஊன்றி, கைமேல் தாடையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆர்லீன், அதைக் குடுங்க."

"எதை? இது எங்கப்பாவோட மண்வாரி."

"பிடி ஆஷ் மரமா?"

ஆர்லீன் தாடையை எடுத்துவிட்டுப் பிடியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஹோலிஸைப் பார்த்தாள். "ஆஷ்தான். அப்பா காலத்துக்கப்புறம் பிடிய நாலு தடவ மாத்தியாச்சு. இரும்பு மட்டுந்தான் அப்பா. பிடிய எடுத்துக்கோடி." அவள் மேசைப் பக்கம் திரும்பித் தொண்டையைத் திறந்தாள். "ஏ தின்னிப் பசங்களா! தட்டக் கீழ வைங்க. வண்டியில மண்வாரி, வைக்கோல் அள்ளுற முள், குப்பைவாரி, எது மரப்பிடியோட இருந்தாலும் கொண்டாங்க. ஆஷ் மரமா பாத்துக் கொண்டாங்க!"

"ஐஸ் ஹாக்கி மட்டை ஆகுமா?" என்றது ஒரு குரல்.

"உன் மண்டை ஆகும். கொண்டா!"

பதினாறு ஆணி, உடைந்தால் மாற்ற நாலு. ஒரு பிடியில் நாலு வரும். ஐந்து பிடி வேண்டும். கிடைத்தது நாலு; அதில் ஒன்று பாதிவரை பிளந்திருந்தது. ஹோலிஸ், இரண்டு கையாலும் பிடித்து இழுத்துச் சீவும் கத்தியை எடுத்து, வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்தார். மழையில் சுருள் சுருளாக மரம் உதிர்ந்தது. மூன்றாவது சட்டத்தில் பாதி இறங்கியிருந்த ஆணியை ஒடெட் அறுத்து, தட்டி வெளியே எடுத்தாள். அதைச் செதுக்கியதும் அவள்தான். ஆகஸ்ட் முழுவதும் உட்கார்ந்து இருநூறு ஆணி செதுக்கினாள், ஒவ்வொன்றும் எண்பட்டையாக, ஒன்றுபோல் ஒன்றாக. அதை மண்ணில் போடவும் மனமில்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

பட்டையை இழுத்துக் கட்டி, முதல் பெருந்துளை போடும்போது ரோலண்டின் வண்டி திரும்பி வந்தது. அவன் இறங்கி வந்து, கூட்டம் கலையாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு நின்றான்.

"போன் பண்ணிட்டியா?" என்றாள் ஒடெட், டிரில்லை நிறுத்தாமல்.

"பண்ணேன்."

"என்ன சொன்னாங்க?"

"மெஷின்தான் எடுத்துச்சு. செய்தி விட்டிருக்கேன்."

பண்ணியிருக்க மாட்டான் என்று அவளுக்குள் எங்கோ ஒரு மூலை நம்பிக்கொண்டிருந்தது. அந்த மூலையும் நனைந்துபோயிற்று.

"பொழுது சாயறவரைக்கும்னு சொன்ன. இப்ப மணி என்ன?"

அவன் மணி பார்க்கவில்லை. "பன்னெண்டு இருக்கும்."

"அப்ப பன்னெண்டுக்கே உனக்குப் பொழுது சாஞ்சிடுச்சா?"

ஒடெட் டிரில்லைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கேரவனுக்குப் பின்னால் போனாள். ரோலண்ட் போன மாதம் வாங்கிய பனி மண்வாரி அங்கே சாய்ந்திருந்தது. விலைச்சீட்டுகூட இன்னும் கிழிக்கவில்லை. பிடி வெளுத்து, வழவழவென்று, கணு ஒன்றுகூட இல்லாமல் இருந்தது. அதை எடுத்துவந்து, அவன் கண் முன்னாலேயே ஒரு கட்டையின்மேல் வைத்து, அறுக்கத் தொடங்கினாள்.

"ஏய்! என்ன பண்ற? புதுசுடி அது!"

"காஞ்ச மரமா இருக்கு."

"பனி விழுந்தா எதால அள்ளுறது?"

"அவன் வாயாலேயே ஊதித் தள்ளட்டும்," என்றாள் ஆர்லீன். "அதுக்குத்தான் அங்க காத்துக்குப் பஞ்சமில்லையே."

யாரோ சிரித்தார்கள். ரோலண்ட் சிரிக்கவில்லை. ஈர வாள் பாதியில் மாட்டிக்கொண்டு நகரவில்லை. ஒடெட் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வந்து, கட்டையின்மேல் ஒரு காலை வைத்து, பிடியின் மறுமுனையை அழுத்திப் பிடித்தான். வாள் விடுபட்டது.

"அந்த ஓட்டை," என்றான் அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "அடைக்கத் துண்டுகூட வெட்டி வச்சிருந்தேன். வண்டியிலேயே கிடக்கு."

"நல்லா இருக்கு. போய் அதுக்கு எண்ணெய் போடு," என்றாள் அவள். வாளை மறுபடி இழுத்தாள்.

வேலை எளிதாக நடக்கவில்லை. ஈர மரம் துரப்பணத்தைக் கவ்விப் பிடித்தது. பட்டை இரண்டு தடவை வழுக்கியது. குப்பைவாரிப் பிடியில் செய்த ஆணி ஒன்று பாதியில் பிளந்து, அதைத் தோண்டி எடுக்க அரை மணி நேரம் போயிற்று. மூன்றாவது சட்டம் நிற்கும்போது மணி இரண்டரை. அதன் ஆணிகள் ஒன்று மண்வாரியின் பழுப்பு, ஒன்று வைக்கோல் முள்ளின் கறுப்பு, ஒன்று ஹாக்கி மட்டையின் சிவப்புக் கோட்டோடு. சட்டைக்கு வெவ்வேறு பொத்தான் தைத்ததுபோல் இருந்தது. ஆகஸ்டில் அவள் மனசுக்குள் பார்த்த வீடு இது இல்லை. பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது.

நாலாவது சட்டத்தைத் தூக்கும்போது வெளிச்சம் சாம்பலாகிவிட்டது. டிராக்டரின் சக்கரம் சேற்றில் சுழன்று நின்ற இடத்திலேயே குழி பறித்தது. "தள்ளு! தள்ளுங்கடா!" என்று ஆர்லீன் இருக்கையில் எழுந்து நின்று கத்தினாள். சட்டம் பாதி உயரத்தில் நின்றது. இருபது கம்புகள் நடுங்கின. ஒடெட்டுக்குப் பக்கத்துக் கம்பில் ரோலண்ட் இருந்தான். அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "வா, கழுதை, வா," என்று அவன் மரத்தைத் திட்டுவது அவளுக்குக் கேட்டது. அவளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரோ டிராக்டர் சக்கரத்துக்கு அடியில் கேரவனின் கதவுப் படியைப் பிடுங்கிப் போட்டார்கள். சக்கரம் பிடித்தது. சட்டம் எழுந்து, ஒரு கணம் அந்தப் பக்கம் சாயுமோ என்று மிரட்டி, தன் இடத்தில் 'தொம்' என்று உட்கார்ந்தது.

நாலும் நின்றன. மணி நாலு இருபது. கைதட்ட யாருக்கும் தெம்பில்லை. ஹோலிஸ் தன் பேனாக்கத்தியை எடுத்து, ஓர் இணைப்பில் விட்டுப் பார்த்தார். நுனி மட்டும் நுழைந்தது. "ம்," என்று மடக்கிக்கொண்டார்.

"கிளை!" என்றாள் ஆர்லீன். "கிளை குத்தாம எவனும் வீட்டுக்குப் போகக் கூடாது. குத்தாத வீடு உருப்படாது."

வீட்டைக் கட்டியவர்தான் முகட்டில் பச்சைக் கிளையை அறைய வேண்டும். ஒடெட் ஏணியில் ஏறினாள். அவளுக்குப் பின்னால், ஃபிர் மரக் கிளையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரோலண்டும் ஏறினான். அவனை யாரும் ஏறச் சொல்லவில்லை. முகட்டில் இருவரும் ஆளுக்கொரு கைமரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கீழே எல்லாரும் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் சட்டைப் பையைத் தடவினாள். காலையில் அறுத்தெடுத்த அந்த அரை ஆணி இருந்தது. கிளையை அதனாலேயே குத்தலாமா என்று பார்த்தாள். அதற்கு இங்கே துளை இல்லை. இரும்பாணியை எடுத்தாள். வீட்டில் இறங்கிய முதல் இரும்பாணி. இரண்டு தடவை விரலில் அடித்துக்கொண்டு, மூன்றாவது தடவை ஆணியில் அடித்தாள்.

அப்போது ரோலண்டின் மார்புப் பையில் போன் அடித்தது.

இருவரும் திடுக்கிட்டார்கள். பதினாலு மாதத்தில் அந்த நிலத்தில் ஒரு போன் அடித்ததே இல்லை. இருபத்தாறு அடி உயரத்தில் எடுக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

ரோலண்ட் ஒரு கையால் கைமரத்தைக் கட்டிக்கொண்டு, மறு கையால் போனை எடுத்து எண்ணைப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு யாரென்று தெரிந்துவிட்டது.

"அவங்கதான்," என்றான்.

"எடு."

அது அடித்துக்கொண்டே இருந்தது. அவன் கீழே பார்த்தான். நாலு சட்டமும் இருட்டில் கறுத்து, நனைந்து நின்றன. கூரை இல்லை. சுவர் இல்லை. இனி உதவிக்கு ஆள் இல்லை. அடுத்த சனிக்கிழமை மான் வேட்டை தொடங்கும்போது அவன் காட்டில் இருக்க மாட்டான், இங்கே பலகை அறைந்துகொண்டிருப்பான் என்பது அவனுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பெருமூச்சு விட்டு, போனைக் காதில் வைத்தான்.

"ஆமா, ரோலண்ட் பெல்கிதான்... ஆமா, காலையில செய்தி விட்டிருந்தேன்." அவன் அவளைப் பார்த்தான். மழைத் துளி அவன் மூக்கு நுனியில் தொங்கியது. "இல்ல சார். வேணாம்... விலையெல்லாம் ஒண்ணும் இல்ல. மன்னிச்சுக்குங்க."

அந்தப் பக்கம் விடவில்லை போலிருக்கிறது. ஏன் வேண்டாம், வேறு கடையில் பார்த்துவிட்டீர்களா என்று குரல் நச்சரிப்பது அவளுக்கும் லேசாகக் கேட்டது.

"அதெல்லாம் இல்ல சார்," என்றான் ரோலண்ட் எரிச்சலோடு. "ஏற்கெனவே ஒரு வீடு எங்க உயிர வாங்கிட்டு இருக்கு. இன்னொண்ணத் தாங்க மாட்டோம்."